நாலாம் வாளி

அத்தியாயம் பதினொன்று

ஜிப்ரிக்குப் பொய் சொல்ல வராது. ஆகவே ஒன்பது நாட்களாக அவர் வாயையே திறக்காமல் இருந்தார்.

வீட்டில் இதை யாரும் கவனிக்கவில்லை. மனைவி றஸீனாவுக்கும் மகள் அகீலாவுக்கும் எழுந்தாலும் படுத்தாலும் நாலாம் வாளியைப் பற்றித்தான் பேச்சு. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்த மனிதர் கறிக்கு உப்புக் காணாது என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போகிறாரே, என்ன சங்கதி என்று கேட்க ஒருவருக்கும் நேரம் இல்லை.

வாளிக் கதையைப் புதிதாகக் கேட்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

றஸீனா, ஏறாவூரில் வாவிக்கரையை ஒட்டிய ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியை. தவணைத் தொடக்கத்தில் தரம் பத்துக்குக் கடல் நீர் அமிலமாதல் என்ற பாடத்தை எடுத்தாள். நாம் எரிப்பதில் வரும் காபனீரொட்சைட்டில் ஒரு பங்கைக் கடல் குடிக்கிறது, அதனால் தண்ணீரின் குணம் மாறுகிறது, மட்டிக்கும் சிப்பிக்கும் ஓடு கட்டுவது கஷ்டமாகிறது என்று சொன்னபோது பின் வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. "கடல் எப்பிடி டீச்சர் புளிக்கும்? ஆரு அதுக்க புளி கரைச்ச?"

வகுப்பே சிரித்தது. வேறொரு ஆசிரியை என்றால் கேட்டவனை எழுப்பி நிற்க வைத்திருப்பாள். றஸீனா மறுநாள் நாலு வாளிகளோடு வந்தாள்.

முகத்துவாரத்தில் அள்ளிய உப்புத் தண்ணீரை நாலிலும் ஊற்றினார்கள். ஒவ்வொன்றிலும் மட்டி ஓடுகள், சரியாக நாற்பது கிராம். முதல் வாளியைச் சும்மா விட்டார்கள். மற்ற மூன்றுக்கும் சீனியும் ஈஸ்டும் கரைத்த போத்தல்களிலிருந்து சேலைன் குழாய் வழியாகக் காபனீரொட்சைட்டு போனது. இரண்டாம் வாளிக்கு ஒரு போத்தல், மூன்றாவதுக்கு இரண்டு, நாலாவதுக்கு நாலு. புளிப்பு எவ்வளவு என்று அறிய, நிறம் மாறும் சோதனைத் தாளைத் தோய்த்துப் பார்த்தார்கள். வாரம் ஒருமுறை ஓடுகளைக் காயவைத்து, காத்தான்குடியில் நகைக்கடை வேலையில் இருக்கும் றஸீனாவின் தம்பி இரவல் தந்த தராசில் நிறுத்தார்கள்.

ஆறு வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. போத்தல் கூடக் கூட ஓட்டின் எடை குறைந்தது. பிறகு விடுமுறை வந்தது. வாளிகள் ஜிப்ரி வீட்டுப் பின் விறாந்தைக்கு இடம் மாறின. எட்டாம் வாரம் நிறுத்துப் பார்த்தால், மிக அதிகமாகக் கரைந்திருக்க வேண்டிய நாலாம் வாளி ஓடுகள் எடை கூடியிருந்தன! முப்பத்தேழு தசம் இரண்டு இருந்தது முப்பத்தெட்டு தசம் பூச்சியம் ஐந்து. போன வாரம் நாம் விட்டு வந்தது அந்தத் தராசின் முன்னால் வாயடைத்து நின்ற தாயையும் மகளையும்தான்.

வாயடைத்து நின்ற மூன்றாவது ஆளைப் பற்றி அப்போது நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஜிப்ரி பத்தொன்பது வருடமாக வாவிக்கரை இறால் பண்ணையில் வேலை. காலையிலும் மாலையிலும் பேனா மாதிரியான ஒரு கருவியைக் குளத்தில் தோய்த்துப் பார்ப்பார். எண் எட்டுக்குப் பக்கத்தில் நின்றால் சந்தோசம். ஏழரைக்குக் கீழே இறங்கினால் தண்ணீர் புளிக்கிறது என்று அர்த்தம். உடனே சுண்ணாம்பு. யோசிக்கவே தேவையில்லை, கை தானாகப் போகும்.

விடுமுறையில் ஒருநாள் சுபஹ் தொழுதுவிட்டு வந்தவர் விறாந்தையில் வாளிகளைக் கண்டார். சட்டைப்பையில் கருவி இருந்தது. முதலாம் வாளி எட்டு. நாலாம் வாளி ஆறு தசம் ஒன்று! அப்படி ஒரு எண்ணை அவர் பண்ணையில் கண்டிருந்தால் அன்றே முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். பிள்ளைகள் பாடுபட்டு வைத்த தண்ணீர் கெட்டுப் போய்விட்டதே என்று, தென்னைமரத்துக்குப் பூச வைத்திருந்த சுண்ணாம்பில் ஒரு கையளவு எடுத்துப் போட்டுக் கலக்கிவிட்டார். ஆறு நாள் காலையும் அப்படியே செய்தார். நல்லது செய்கிறவன் அதைச் சொல்லிக் காட்டக் கூடாது என்று அதைப் பற்றி மூச்சும் விடவில்லை.

எட்டாம் வாரம் தராசைப் பார்த்தபோதுதான், புளிக்கட்டும் என்றே அந்தத் தண்ணீரைப் புளிக்க வைத்தார்கள் என்பது அவருக்கு உறைத்தது. அன்றைக்கு மூடிய வாய்தான்.

இன்று சனிக்கிழமை, வலய விஞ்ஞானக் கண்காட்சி. இங்கே தேர்வாகும் இரண்டு குழுக்கள் மாகாணத்துக்குப் போகும். றஸீனாவின் பாடசாலையிலிருந்து இதுவரை ஒரு குழுவும் போனதில்லை. இவ்வளவு காலமும் பிள்ளைகள் மட்டையில் படம் கீறிக்கொண்டு போய், படத்தோடு திரும்பி வருவார்கள். இந்தமுறை றஸீனா அதிபரிடம் நேரே சொல்லியிருந்தாள், "எங்கட பிள்ளைகள் ஒருக்கா மாகாணத்துக்குப் போயிட்டா, இனி ஆரும் ஏலாதெண்டு சொல்ல மாட்டாங்க சேர்." சொல்லிவிட்டு வந்த நாளிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை.

காலை ஆறரைக்கு வாளிகளைச் சின்ன லொறியில் ஏற்றினார்கள். பண்ணை லொறிதான், ஜிப்ரி கேட்டு வாங்கி வந்திருந்தார்.

"றஸீனா, ஒரு விசயம் சொல்லணும்," என்று தொடங்கினார்.

"மூடியப் புடிங்க, தண்ணி சிந்துது."

பிடித்தார். "அந்த நாலாம் வாளி..."

"அதப் பத்தி இப்ப கதைக்காதீங்க. எனக்கு நெஞ்சு இடிக்கிது."

இப்படி ஒரு மனைவியிடம் என்னத்தைச் சொல்வது? ஜிப்ரி லொறியை எடுத்தார்.

றஸீனா முச்சக்கரவண்டியில், குழுவில் அகீலாவோடு இருக்கும் மற்ற மாணவி சப்னாவோடு முன்னால் போனாள். லொறியில் ஜிப்ரிக்குப் பக்கத்தில் அகீலா. மடியில் சோதனைக் கொப்பி. தன்னாமுனையைத் தாண்டும்வரை அவள் அதைத் திறக்கவும் மூடவுமாக இருந்தாள்.

"வாப்பா, நான் நல்லா யோசிச்சுப் பாத்தன். தராசில பிழை இல்ல. தாள் பழசாக்கும் எண்டு நினைச்சன். புதுத் தாள் வாங்கியும் பாத்தன், அதுவும் இல்ல. தண்ணிக்க என்னமோ விழுந்திரிக்கி."

ஜிப்ரி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். "என்ன விழுந்திரிக்கும்?"

"தெரியா."

"நடுவர் கேட்டா என்ன மகள் சொல்லுவ?"

"தெரியாண்டுதான் சொல்லுவன். தெரியாததுக்கு வேற என்னத்தச் சொல்ற?"

பதினைந்து வயதுப் பிள்ளை எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள்! சொல்லத் தெரிந்த விசயத்தையே சொல்ல முடியாமல் நாற்பத்தாறு வயது வாப்பா லொறி ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. வெட்கமும் வந்தது. ஆனால் வார்த்தை மட்டும் வரவில்லை.

மட்டக்களப்பு நகரில் ஒரு பெரிய பாடசாலையின் மண்டபம். உள்ளே இரண்டு வரிசையாக மேசைகள். பக்கத்து மேசையில் மின்விளக்கு மினுங்கும் காற்றாலை. எதிர் மேசையில் தானாக ஓடும் குப்பை வண்டி. இவர்களுடையதோ நாலு வாளியும் நாலு தட்டு மட்டி ஓடும். கடந்து போன ஒரு பெடியன் மூக்கைப் பொத்திக்கொண்டு போனான்.

றஸீனாவோடு படிப்பிக்கும் நல்லரத்தினம் ஆசிரியர் உதவிக்கு வந்திருந்தார். மனம் தங்கமானவர்தான், ஆனால் எதற்கும் குறுக்குவழி கண்டுபிடிப்பார். அட்டவணையைப் பார்த்து நாடியைத் தடவினார்.

"டீச்சர், நான் ஒண்டு சொல்லவா? மூண்டு வாளி காணும். முதலாவது, ரெண்டாவது, மூண்டாவது. வடிவா இறங்கிப் போகுது. நாலாவதை மேசைக்குக் கீழ தள்ளி விடுங்க. நாலு வாளி வைக்கத்தான் வேணும் எண்டு ஆரும் கேட்டவங்களா?"

ஜிப்ரி றஸீனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளுடைய கை மெல்ல நாலாம் வாளியின் பிடிக்குப் போனது. தூக்கினாள். மேசைக்குக் கீழே வைக்கவும் குனிந்துவிட்டாள்.

"டீச்சர்!"

அகீலாதான். பாடசாலைக் காரியம் என்றால் அவளுக்கு உம்மா கிடையாது, டீச்சர்தான்.

"நாலாவதுக்கும் நாங்க எட்டுக் கிழமை எழுதியிருக்கம் டீச்சர். அத ஒளிச்சா மறுகா மத்த மூணையும் ஆரு நம்புற?"

சப்னாவும் தலையை ஆட்டினாள்.

றஸீனா நிமிர்ந்து வாளியைப் பழைய இடத்தில் வைத்தாள். முகம் சிவந்திருந்தது. "நான் படிப்பிச்சத நானே மறந்திட்டன் சேர்," என்று நல்லரத்தினத்திடம் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே, தண்ணீர்ப் போத்தல் வாங்கி வருவதாகச் சொல்லி நழுவினார்.

ஜிப்ரிக்கு மகளைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. கூடவே இந்தப் பிள்ளையின் முன்னால் நிற்கத் தனக்கு என்ன தகுதி என்றும் இருந்தது. அவர் ஜன்னல் பக்கமாய் ஒதுங்கினார்.

பத்தரைக்கு நடுவர் வந்தார். கலாநிதி தனுஷியா, பல்கலைக்கழக விரிவுரையாளர். பருத்திச் சேலை, காலில் சாதாரண செருப்பு. காற்றாலை மேசையில் இரண்டு நிமிடம்தான் நின்றார். வாளிகளைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லுங்க பிள்ளை. கடல் புளிக்குதா?"

"கடல் புளிச்சுப் போகல்ல மிஸ்," என்று அகீலா தொடங்கினாள். "இப்பவும் அது காரப் பக்கம்தான் நிக்கிது. ஆனா முந்தி நிண்ட இடத்தில இல்ல, புளிப்புப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமா நகருது. காபனீரொட்சைட்டு தண்ணியில கரைஞ்சா காபோனிக்கமிலம் வரும். மட்டி ஓடு கட்ட எடுக்கிற காபனேற்று அதால குறைஞ்சு போகும். பெரிய மட்டி எப்பிடியோ சமாளிக்கும். குஞ்சு மட்டிதான் பாவம், அதுக்கு ஓடு கட்டத்தான் அதிக பலம் செலவாகும்."

"உங்கட வாளியில குஞ்சு மட்டி இருக்கா?"

"இல்ல மிஸ். உசிரோட வைக்க டீச்சர் விடல்ல. வெறும் ஓடுதான். அதோட, கடலுல நடக்கிறத விட நாங்க வாளிக்க எவ்வளவோ கூடுதலாப் புளிக்க வச்சிருக்கம். எட்டுக் கிழமையில கண்ணுக்குத் தெரியணுமே, அதுக்காக. கடல் இப்பிடியே ஆகும் எண்டு நாங்க சொல்லல்ல. ஓட்டுக்கு என்ன நடக்கும் எண்டு மட்டும்தான் காட்டுறம்."

நடுவரின் புருவம் உயர்ந்தது. ஜிப்ரி றஸீனாவைப் பார்த்தார். கேள்வி எல்லாம் மகளிடம்தான். ஆனால் றஸீனாவின் உதடும் சத்தமில்லாமல் கூடவே அசைந்துகொண்டிருந்தது.

"இந்த நாலாம் வாளி?" நடுவரின் விரல் அட்டவணையில் ஏறி நின்றது. "கரைய வேண்டியது கூடியிருக்கு. இங்க பென்சிலால என்ன எழுதியிருக்கு? தாள் பழசோ எண்டு?"

"ஓம் மிஸ். ஏழாம் கிழமையிலருந்து நாலாம் வாளியில தாளின்ட நிறம் மாறி வந்திச்சு. தாள் பிழையாக்கும் எண்டு எழுதினன். பேந்து பாத்தா தாள் சரி."

"அப்ப காரணம்?"

"எங்களுக்குத் தெரியா மிஸ்."

மண்டபத்து இரைச்சலுக்குள் அந்த ஒரு வார்த்தை ஜிப்ரியின் காதில் தெளிவாக விழுந்தது. நடுவர் பேனாவை எடுத்தார். அந்தப் பேனா தாளைத் தொட்டால் கதை முடிந்தது. அதற்குமேல் அவருக்குப் பொறுக்கவில்லை.

"நான்தான் மிஸ்."

எல்லோரும் திரும்பினார்கள். ஜிப்ரி மேசைக்குக் கிட்ட வந்தார்.

"நான் இந்தப் பிள்ளைட வாப்பா. இறால் பண்ணையில வேலை. தண்ணி ஆறுக்கு இறங்கிக் கிடந்திச்சு. எனக்குப் பொறுக்கல்ல. சுண்ணாம்பு போட்டுட்டன். ஆறு நாள் போட்டன். பிள்ளைகளுக்கு ஒண்டும் தெரியா, டீச்சருக்கும் தெரியா. குத்தம் என்னோடது, அதுகள்ற புள்ளியில கை வச்சிடாதீங்க."

றஸீனா அவரைப் பார்த்த பார்வையை அவர் ஆயுளுக்கும் மறக்க மாட்டார். கோபமென்றால் தாங்கியிருப்பார். அது கோபமில்லை, நீங்களா என்று கேட்கிற பார்வை.

அகீலாவின் கண் நிறைந்துவிட்டது. "ஒம்பது நாளா நான் மண்டைய உடைச்சன். நீங்க பாத்துக்கிட்டிருந்தீங்க வாப்பா?"

அவள் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள். இன்னொரு தரம் துடைத்தாள். பிறகு இவர் பக்கம் திரும்பியபோது அங்கே அழுகிற மகளைக் காணவில்லை.

"எத்தின மணிக்குப் போட்டீங்க?"

"சுபஹுக்குப் பிறகு."

"நான் பின்னேரம்தான் தாள் வச்சுப் பாத்தன். அதுக்குள்ள குழாய்க் காத்து வந்து திரும்பப் புளிக்கத் தொடங்கியிருக்கும். அதான் பாதி நிறம்... எவ்வளவு போட்டீங்க?"

"ஒரு கையளவு."

"போட்டதும் தண்ணி எப்பிடி இரிந்திச்சு?"

"பால் மாதிரி வெளுத்திச்சு. மறுகா தெளிஞ்சு அடியில படிஞ்சிச்சு."

அகீலா நாலாம் தட்டிலிருந்து ஒரு ஓட்டை எடுத்துக் கறுப்பு மட்டையின்மேல் பிடித்து விரலால் தேய்த்தாள். வெள்ளைத் தூள் உதிர்ந்தது.

"மிஸ், ஓடு வளரல்ல!" அவளுடைய குரல் உயர்ந்துவிட்டது. "சுண்ணாம்பும் காபனீரொட்சைட்டும் சேந்து கல்சியம் காபனேற்றா ஓட்டுக்கு மேல படிஞ்சிரிக்கி. இது மேல் பூச்சு. இதக் கழட்டி நிறுத்தா உண்மையான எடை தெரியும். நிறுக்கட்டா?"

"நிறுங்க," என்றார் நடுவர்.

ஓடு கழுவ வைத்திருந்த பல் தூரிகை பையில் இருந்தது. அகீலாவும் சப்னாவும் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தார்கள். எதிர் மேசைக் குப்பை வண்டிக்காரர்களும் வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். தராசில் சிவப்பு எண் ஓடி ஓடி நின்றது. முப்பத்தேழு தசம் பூச்சியம் இரண்டு.

"மூணாம் வாளிய விடக் குறைவு!" சப்னா துள்ளினாள்.

நடுவர் சிரிக்கவில்லை. "நல்லது. ஆனா ஒரு சந்தேகம். தூரிகை பூச்சை மட்டும்தான் கழட்டினதா? ஓட்டையும் சேத்துத் தேய்ச்சிருந்தா? எடை குறைஞ்சது அதாலயாகவும் இருக்கலாமே?"

றஸீனா ஒரு அடி முன்னால் வந்தாள், என்னமோ சொல்ல வாயெடுத்தாள், ஆனால் பல்லைக் கடித்து நின்றுகொண்டாள். பிள்ளை சொல்லட்டும் என்று விடுகிறாள் என்று ஜிப்ரிக்கு விளங்கியது.

அகீலா நாலு தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பிறகு அவள் முதலாம் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இதையும் தேய்க்கிறம் மிஸ். சும்மா தண்ணியில கிடந்த ஓடு, இதில பூச்சு இல்ல. அதே தூரிகை. நாலாம் தட்டுக்கு ஓட்டுக்கு இருபது தரம் தேய்ச்சம், இதுக்கும் இருபது. இதுவும் குறைஞ்சா பிழை தூரிகையில. குறையாட்டி நாங்க சொன்னது சரி."

தேய்த்தார்கள். சப்னா சத்தமாக எண்ணினாள். ஓடுகள் தராசில் ஏறின. முன்பு முப்பத்தொன்பது தசம் தொண்ணூற்றாறு. இப்போது முப்பத்தொன்பது தசம் தொண்ணூற்றைந்து.

சுற்றி நின்ற பிள்ளைகள் கை தட்டினார்கள். மற்ற பாடசாலைப் பிள்ளைகள்! காலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவனும் அதில் நின்றான்.

நடுவர் றஸீனாவிடம் திரும்பினார். "இதை நீங்க சொல்லிக் குடுத்தீங்களா டீச்சர்?"

"இல்ல மிஸ்," என்றாள் றஸீனா. "ஒப்பிட்டுப் பாக்க ஒண்டச் சும்மா வைக்கணும் எண்டு மட்டும்தான் சொல்லிக் குடுத்தன். இது அவள்ற."

ஜிப்ரி மாஷா அல்லாஹ் என்று வாய்க்குள் சொன்னார். இந்தப் பிள்ளையைப் பெற்றது பாதிப் பெருமை என்றால், இந்தப் பிள்ளைக்கு இப்படி யோசிக்கப் படிப்பித்தவள் தன் வீட்டில் இருக்கிறாள் என்பது மீதிப் பாதி. பத்தொன்பது வருடம் பண்ணைத் தண்ணீரைப் பார்த்த மனிதர், தன் மனைவி என்ன வேலை செய்கிறாள் என்பதை இன்றைக்குத்தான் பார்த்தார்.

நடுவர் விடுவதாக இல்லை. "கடைசிக் கேள்வி. வாப்பா போட்ட சுண்ணாம்பு வேலை செய்யுதே. அப்ப கடலுக்கும் போட்டா என்ன?"

அகீலா யோசித்தாள். பிறகு, சுண்ணாம்புக் கதை வெளிவந்ததிலிருந்து முதல் தடவையாக, ஜிப்ரியின் முகத்தை நேரே பார்த்தாள். "வாப்பா, ஒரு குளத்துக்கு எவ்வளவு போடுவீங்க?"

"ஒரு ஏக்கருக்கு மூட்டைக் கணக்கில போகும் மகள். கடலுக்கெண்டா எத்தின லொறி காணும்? அதோட சுண்ணாம்பு எங்கருந்து வாற? சிப்பியையும் மட்டி ஓட்டையும் சூளையில சுட்டுத்தானே எங்கட ஆக்கள் எடுத்தாங்க."

"சுட்டா!" அகீலா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ், சூளை விறகால மட்டும் காபனீரொட்சைட்டு வரல்ல. ஓட்டுக்குள்ள இரிக்கிறதும் சூட்டில வெளிய வந்திரும். கடலச் சரிப்படுத்தச் சுண்ணாம்பு சுட்டா, அந்தக் காத்தும் திரும்பக் கடலுக்குத்தான் போகும். வாற இடத்தில குறைக்கிறதுதான் வழி."

நடுவர் எழுதினார். நிறைய எழுதினார். எழுந்து போகும்போது ஜிப்ரியிடம் நின்று, "வாப்பாவும் மகளும் சேந்து நல்லாப் பதில் சொன்னீங்க. ஆனா அடுத்தமுறை வாளியில கை வைக்கிறதுக்கு முந்தி ஒருக்காக் கேளுங்க," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். றஸீனா சிரிக்கவில்லை.

ளுஹர் தொழுகைக்குப் போய் வந்தும் அவள் அவரோடு பேசவில்லை. சோற்றுப் பார்சலை நீட்டினாள், அவ்வளவுதான்.

மூன்று மணிக்குக் கண்காட்சிப் பொறுப்பாளர் அவளைக் கூப்பிட்டார். மெலிந்த மனிதர், நெற்றியில் திருநீறு, மேசையில் இரண்டு கட்டுத் தாள், ஒன்று தேர்வானவர்களுடையது, மற்றது தேர்வாகாதவர்களுடையது.

"டீச்சர், சந்தோசமான சேதி. நடுவர் உங்களுக்குத் தொண்ணூற்றொண்டு போட்டிருக்கா. மாகாணத்துக்கு நீங்கதான் முதல் குழு. இந்தப் படிவத்தில கையெழுத்தப் போடுங்க, இண்டைக்கே அனுப்பிருவம்."

சப்னா வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். அகீலா உம்மாவின் கையைப் பிடித்தாள்.

றஸீனா படிவத்தை வாசித்தாள். மெல்ல மெல்ல அவளுடைய முகத்துச் சிரிப்பு போனது. கடைசி வரியில் அவளுடைய விரல் நின்றது. ஜிப்ரி அவளுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். 'இச்சோதனையில் வெளியார் எவரும் தலையிடவில்லை என இத்தால் உறுதியளிக்கிறேன்.'

அவர் போட்ட சுண்ணாம்பு இன்னும் கரையவில்லை.

"இது எல்லாருக்கும் பொதுவான வசனம் டீச்சர். ஆரும் வாசிக்கிறதும் இல்ல," என்றார் பொறுப்பாளர். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

றஸீனா பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போடவில்லை. அந்த வரியின்மேல் நேராக ஒரு கோடு கீறினாள். கீழே இருந்த வெற்றிடத்தில், கரும்பலகையில் எழுதும் அதே வட்ட எழுத்தில், நிதானமாக எழுதினாள். எழுதி முடித்துக் கையெழுத்தைப் போட்டாள்.

பொறுப்பாளர் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இதோட நான் அனுப்பேலாது டீச்சர். மேல கேக்க வேணும். திங்கக்கிழமைதான் முடிவு சொல்லுவாங்க. இல்லையெண்டும் சொல்லலாம். வேற தாள் தாறன், சும்மா கையெழுத்த மட்டும் போடுங்களன்."

"தெரியாததத் தெரியாண்டு எழுதின பிள்ளைகள் சேர் இதுகள்," என்றாள் றஸீனா. "தெரிஞ்சத இல்லையெண்டு நான் எப்பிடி எழுதுற?"

அவர் அகீலாவைப் பார்த்தார், சப்னாவைப் பார்த்தார். இருவரும் டீச்சருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். அவர் பெருமூச்சு விட்டு, படிவத்தை இரண்டு கட்டிலும் சேர்க்காமல் மேசை நடுவில் தனியாக வைத்து, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்.

றஸீனா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாளிகளிடம் போனாள். ஜிப்ரி மட்டும் மேசையடியில் நின்றார். தன்னால் கெட்ட காரியத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று குனிந்து வாசித்தார்.

'நாலாம் வாளியில் என் கணவர் ஜிப்ரி ஆறு நாட்கள் சுண்ணாம்பு போட்டார். தண்ணீரைக் காப்பாற்றுவதாக நினைத்தே அவ்வாறு செய்தார். யாரும் அவரைச் சந்தேகிக்கவில்லை. யாரும் அவரிடம் கேட்கவுமில்லை. நடுவர் முன்னால் தாமாகவே வந்து உண்மையைச் சொன்னார். அதன் பிறகே எங்களால் சரியான எடையைக் கண்டுபிடிக்க முடிந்தது.'

ஜிப்ரி அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு, கல் எழுத்தை மறைத்துவிடாதபடி, அதைத் தன் பெயருக்கு மேலிருந்து கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.